கிள்ளான் போகாத பஸ்

சாலாக் செலாத்தானில் நான் குடியிருந்த பிளாட்டில், நாலாவது மாடி லிப்டுக்குப் பக்கத்தில், ஒரு மனிதர் சாயங்காலம் நாலு மணிக்கு வந்து நிற்பார். வெளுத்துப்போன நீலச் சட்டை, தோளில் ஒரு துணிப்பை, சட்டைப் பையில் பஸ் கார்டு. பக்கத்து வீட்டுக்காரர்தான். முதல் தடவை அவரை அப்படிப் பார்த்தபோது லிப்டு கெட்டுக் கிடந்தது. நல்ல எண்ணத்தில் சொன்னேன்.

“அண்ணே, லிப்டு ரோசாக் லா. படியிலதான் எறங்கணும்.”

“தெரியும் தங்கச்சி. நான் பஸ்ஸுக்கு நிக்கிறேன்.”

முகத்தில் சிரிப்பில்லை. கேலியும் இல்லை. கையைக் கட்டிக்கொண்டு, பஸ் நிஜமாகவே தாமதமாகிவிட்ட மாதிரி கொரிடோரின் அந்தக் கோடியைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் மனைவி இறந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. மனிதருக்குத் தலையில் ஏதோ கழன்றுவிட்டது என்று நினைத்தேன். சாவி தேடுகிற சாக்கில் என் வீட்டு வாசலிலேயே நின்றேன்.

அவர் வீட்டுக் கதவைத் திறந்துகொண்டு மகள் தர்ஷினி வந்தாள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை. வாசலில் ஏற்கெனவே மூன்று நாற்காலிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டிருந்தன. அவற்றுக்கு முன்னால் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைத் தரதரவென்று இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கையில் குழம்புச் சட்டியின் மூடி. அதை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பி, வாயாலேயே பிரேக் போட்டு நிறுத்தி, “ஸ்ஸ்ஸ்” என்று கதவைத் திறந்தாள். அவர் ஏறினார். கார்டை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார்.

“டிட்,” என்றாள், கார்டைத் தட்டுகிற மெஷின் மாதிரியே. “எங்க போகணும் அங்கிள்?”

“ஆஸ்பத்திரி.”

“உக்காருங்க. நல்லா புடிச்சிக்குங்க.”

பெற்ற அப்பனைப் பிள்ளை அங்கிள் என்கிறது, அப்பனும் ஏதோ ஊர் பெயர் தெரியாத ஆள் மாதிரி அடக்கமாகப் போய் உட்காருகிறார். நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். சமைக்க வேண்டியிருந்தது. எனக்குக் கொரோனா வந்து போனதிலிருந்து மூக்கு செத்துக் கிடந்தது. வெங்காயம் வதங்கிவிட்டதா என்று கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்வேன். சொல்லப்போனால் அந்த வருஷம் மூக்கு மட்டும் இல்லை, எதுவுமே எனக்கு உறைக்கவில்லை. அக்கம்பக்கத்துச் சாவுச் செய்தியைக் கேட்டுவிட்டு, “அப்படியா” என்று சொல்லிவிட்டுத் துணி காயப்போடப் போவேன்.

மாடியில் எல்லோருக்கும் அவர் பஸ்காரர். ஸ்ரீ கெம்பாங்கான் பக்கம் ஒரு தொழிற்சாலைக்கு ஆட்களை ஏற்றி இறக்கும் பஸ்ஸை ஓட்டினார். விடியற்காலையில் ஒரு நடை, சாயங்காலம் ஒரு நடை. காலையில் ஸ்டியரிங் பிடித்தவர், மறுபடியும் அதைப் பிடிக்கப் போவதற்கு முன்னால் கிடைக்கிற நேரத்தில், மகள் ஓட்டுகிற பஸ்ஸில் பயணியாக உட்கார்ந்திருப்பார். பஸ்ஸே வேண்டாம் என்று கால் நீட்டிப் படுக்கத்தான் வேறு யாருக்கும் தோன்றும்.

அவர் வாயிலிருந்து அதிகம் வருகிற வார்த்தை “சரி.” தண்ணீர் வரவில்லை என்றால் சரி. சோற்றில் உப்பு அதிகம் என்றால் சரி. மனைவியின் உடம்பை வீட்டுக்குக் கொண்டுவர முடியாது என்று போனில் சொன்னபோதும், கொரிடோரில் நின்றுகொண்டு, “சரிங்க, சரி” என்றுதான் சொன்னார். நான் கேட்டேன். சுவர் மெல்லிசு.

அந்த அம்மா போன விதத்தையும் சொல்லிவிட வேண்டும். நாடே கதவைச் சாத்திக்கொண்டிருந்த சமயம். ஆம்புலன்ஸ் கீழே வந்து நின்றது. நடக்கத் தெம்பிருந்ததால் அவளே நடந்து லிப்டு வரைக்கும் போனாள். கூட யாரும் ஏறக்கூடாது என்றுவிட்டார்கள். லிப்டுக் கதவு சாத்துவதற்கு முன்னால் மகளைப் பார்த்துக் கையை ஆட்டினாள். “அம்மா போயிட்டு வரேன் பாப்பா. அப்பாவைப் படுத்தாத.” இதையும் நான் கேட்டேன். அவள் வரவில்லை.

தடையெல்லாம் தளர்ந்த பிறகு, துக்கம் கேட்க ஆட்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். சாதாரணச் சாவு என்றால் எல்லோரும் ஒரே நாளில் வந்து அழுதுவிட்டுப் போய்விடுவார்கள். இது மாதக்கணக்கில் இழுத்தது. காஜாங்கிலிருந்து ஒரு குடும்பம் ஒரு வாரம், பிரிக்பீல்ட்ஸிலிருந்து யாரோ அடுத்த வாரம். வருவார்கள், உட்காருவார்கள், தண்ணீர் குடிப்பார்கள், சட்டென்று எழுந்து ஒரு வார்த்தையும் சொல்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விடுவார்கள். துக்க வீட்டில் “போயிட்டு வரேன்” என்று சொல்லக்கூடாது. நமக்குச் சின்ன வயதிலிருந்தே பழகிய விஷயம். யோசிக்காமலே வாயை மூடிக்கொள்வோம். ஆனால் அந்தப் பிள்ளைக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அவள் கதவோரம் நின்று ஒவ்வொருவர் முதுகையும் பார்த்துக்கொண்டிருப்பாள்.

நான் போனபோது உளறிவிட்டேன். பத்து நிமிஷம் உட்கார்ந்திருந்தேன். என்ன பேசுவது என்று தெரியவில்லை. ஊதுபத்தி புகைவது கண்ணுக்குத் தெரிந்தது, வாசனை தெரியவில்லை. தப்பித்தால் போதும் என்று எழுந்தவள், பழக்க தோஷத்தில், “சரிண்ணே, போயிட்டு வரேன்” என்றேன்.

உள்ளே இருந்த ஒரு பெண்மணி வெடுக்கென்று திரும்பினார். இறந்தவளின் அக்கா. கிள்ளானில் இருப்பவர். “என்னம்மா நீ, படிச்ச புள்ளதானே? எழவு வீட்டுல வந்து இப்படிச் சொல்லலாமா? தெரியாது?” என்றார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. ஆனால் தர்ஷினி ஓடிவந்து என் கையைப் பிடித்தாள்.

“எப்ப வருவீங்க ஆன்டி?”

“எது?”

“வரேன்னு சொன்னீங்கல்ல? எப்ப?”

நான் பஸ்காரரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். “நாளைக்கு வரேன்,” என்றேன். வேறென்ன சொல்வது? மறுநாள் போகவும் வேண்டியதாயிற்று, ஏனென்றால் அவள் காலையிலிருந்து வாசலில் காத்துக்கொண்டிருந்தாள்.

அப்படித்தான் நான் மாட்டிக்கொண்டேன். வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் கணக்கு வேலை பார்ப்பவள், கல்யாணம் காட்சி இல்லாதவள், எங்கும் போகாதவள். இதைவிட வசதியான பக்கத்து வீடு யாருக்குக் கிடைக்கும்? விடியற்காலை வேலைக்குப் போகும்போது தூங்குகிற பிள்ளையைப் போர்வையோடு தூக்கிவந்து என் சோபாவில் கிடத்திவிட்டுப் போவார். ஏழு மணிக்கு எழுப்பித் தலை வாரி ஸ்கூல் வேனில் ஏற்றிவிடுவது என் வேலை. சாயங்கால நடை முடிந்து அவர் வரும் வரைக்கும் இங்கேதான் கார்ட்டூன் பார்ப்பாள். குழந்தைகளை எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. அவளுக்கும் அது தெரியும். இருவரும் ஒருவரையொருவர் தொந்தரவு செய்யாமல் இருந்தோம்.

பஸ்ஸில் நானும் பயணியானேன். முதல் நாள், குழந்தைகளோடு பெரியவர்கள் விளையாடுகிற அந்தக் குரலில், கண்ணை உருட்டிக்கொண்டு, “சிங்கப்பூர் ஒரு டிக்கெட்!” என்றேன். டிரைவர் என்னைத் திரும்பிப் பார்த்தாள். முகம் சுருங்கிவிட்டது. பின்னால் இருந்து அவர் மெதுவாகச் சொன்னார்.

“அப்படிச் சொல்லாதீங்க தங்கச்சி. அவளுக்கு அந்த வழி தெரியாது.”

விளையாட்டுக்குத்தானே என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டேன். அந்த முகத்தில் எதுவுமே இருக்காது. கோபம், சிரிப்பு, சோகம் எதுவும். பிள்ளையோடு விளையாடுகிறவர்கள் பாதி மனசை வேறெங்கோ வைத்திருப்பார்கள். ஒரு கண் போனில் இருக்கும். அவர் அப்படியில்லை. அவருக்கு அந்த நேரத்தில் அது பஸ்தான். நாற்காலிகளில் பொம்மைகளும் நானும் உட்கார்ந்து இடம் நிறைந்துவிட்டால், துணி காயப்போடும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே வருவார். அவள் வளைவில் திருப்பும்போது ஒரு பக்கம் சாய்வார். மழைச் சாரல் கொரிடோருக்குள் அடித்தால் லிப்டடியில் குடை பிடித்து நிற்பார். எதிர்வீட்டு இந்தோனேசியப் பெண் நிறைமாத வயிற்றோடு மாடிப்படி ஏறி வந்தபோது, எழுந்து நாற்காலியைக் காட்டினார். அவள் பாவம், ஒன்றும் புரியாமல் உட்கார்ந்தாள். டிரைவர் அவளுக்கும் ஒரு டிட் போட்டாள்.

ஒரு நாள் வராத இன்னொரு டிரைவரின் நடையையும் சேர்த்து ஓட்டிவிட்டு வந்த பஸ்காரர், பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் தலையைச் சுவரில் சாய்த்துத் தூங்கிப்போனார். வாய் திறந்திருந்தது. நான் எழுப்பப் போனேன். தர்ஷினி உதட்டில் விரலை வைத்தாள். அன்றைக்கு ஹாரன் அடிக்காமல், எங்கேயும் நிறுத்தாமல், சட்டி மூடியை மெல்ல மெல்லத் திருப்பிக்கொண்டு அவர் வேலைக்குக் கிளம்பும் நேரம் வரைக்கும் ஓட்டிக்கொண்டே இருந்தாள்.

பஸ்ஸில் ஒரு சட்டம் உண்டு. இறங்குகிறவர்கள் “போயிட்டு வரேன்” என்று சொன்னால்தான் கதவு திறக்கும். நான் சொல்வேன், இறங்குவேன். அவர் மட்டும் சொல்லமாட்டார். தினமும் ஆஸ்பத்திரிக்குத்தான் ஏறுவார். “ஆஸ்பத்திரி வந்தாச்சு அங்கிள்,” என்று அவள் நிறுத்துவாள். அவர் எழுந்து நிற்பார். “சொல்லுங்க,” என்பாள். அவர் பேசாமல் நிற்பார். “சொல்லலைன்னா கதவு தொறக்காது.” அவர் மறுபடி உட்கார்ந்துகொள்வார். பஸ் இன்னொரு சுற்று கிளம்பும். கடைசியில் நிஜ பஸ்ஸுக்கு நேரமானதும் அவள் தலையை ஒரு தடவை தடவிவிட்டு, சாவியை எடுத்துக்கொண்டு படியிறங்கிவிடுவார். அப்போதும் ஒன்றும் சொல்லமாட்டார். அவர் முதுகையும் அவள் பார்த்துக்கொண்டிருப்பாள்.

பொறுக்க முடியாமல் ஒரு நாள் கேட்டேன். “சொல்லிட்டு எறங்கிருங்களேண்ணே. ஒரு வார்த்தைதானே. புள்ளைக்கு ஆசையா இருக்கு.”

அவர் துணிப்பையின் வாரைச் சரிசெய்துகொண்டே இருந்தார்.

“அவ சொல்லிட்டுத்தான் போனா,” என்றார்.

இந்த மனிதர் விளையாட்டில்கூட, திரும்பி வர முடியாத இடத்தில் இறங்கும்போது வருகிறேன் என்று சொல்லமாட்டார் என்பது மட்டும் புரிந்தது.

கிள்ளான் பெரியம்மா மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வருவார். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். நண்டு பிரட்டல், பருப்பு, ரசம் என்று அடுக்குச் சட்டியில் கொண்டுவந்து, ஃப்ரிட்ஜைத் துடைத்து, பிள்ளையைக் குளிப்பாட்டி, தங்கையின் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து சத்தமாக அழுதுவிட்டுப் போவார். எனக்கும் ஒரு டப்பா வரும். நண்டு என்று பார்த்ததால் நண்டு என்று நினைத்துச் சாப்பிடுவேன். அவர் மனக்குறை முழுவதும் பஸ்காரர் மேல்தான்.

“ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டானாம்மா? நீ பார்த்தியா? கல்லு மாதிரி நிக்கிறான். புள்ளைக்கு அம்மாவும் இல்ல, அப்பனும் மரக்கட்டை. ஆஸ்பத்திரிக்குப் போற வெளையாட்டா வெளையாடுவாங்க? கேக்கவே சகிக்கல.”

அவர் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை.

வருஷப் படையலுக்குச் சில வாரம் இருக்கும்போது பெரியம்மா முடிவாகச் சொல்லிவிட்டார். படையல் முடிந்ததும் பிள்ளையைக் கிள்ளானுக்குக் கூட்டிப்போய் அங்கேயே பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிடுவது. அவருக்குப் பெண்பிள்ளை இல்லை. வீடு பெரிது. ஒரு பொம்பளை இல்லாத வீட்டில் பெண்பிள்ளை எப்படி வளரும்? பஸ்காரர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “சரிக்கா” என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. பெரியம்மா போனதும் கொரிடோரில் அவரைப் பிடித்தேன்.

“எல்லாத்துக்கும் சரியா? இதுக்குமா?”

“அக்கா சொல்றது தப்பில்லையே தங்கச்சி. இருட்டோட தூக்கிட்டு வந்து உங்க வீட்டுல போடுறேன். ராத்திரி வந்து தூக்கிட்டுப் போறேன். இதெல்லாம் ஒரு வளர்ப்பா?”

“அவகிட்ட கேட்டீங்களா?”

“சொன்னேன். சரின்னா.”

அப்பனுக்குத் தப்பாத பிள்ளை. நானும், இனிமேல் காலையில் நன்றாகத் தூங்கலாம் என்று சொல்லிக்கொண்டேன். மனசு அதற்குச் சந்தோஷமும் படவில்லை, வருத்தமும் படவில்லை. மரத்துப்போன காலைக் கிள்ளிப் பார்க்கிற மாதிரிதான் இருந்தது.

படையல் நாள் வந்தது. படத்துக்கு மாலை போட்டு, இலை விரித்து, அவளுக்குப் பிடித்ததெல்லாம் வைத்தார்கள். உறவுக்காரர்கள் சாப்பிட்டார்கள், கை கழுவினார்கள், வழக்கம்போல ஒருவரும் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிப் போனார்கள். நாலு மணி வாக்கில் வீட்டில் மிச்சமிருந்தது பெரியம்மா, பஸ்காரர், தர்ஷினி, நான். பெரியப்பா காரை எடுத்துக் கீழே நிறுத்திக்கொண்டு ஹாரன் அடித்தார். பெரியம்மா பிள்ளையின் துணிமணி அடங்கிய பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

வாசலில் பஸ் நின்றுகொண்டிருந்தது. டிரைவர் ஸ்டூலில் இருந்தாள். புதுச் சட்டை, இரட்டைப் பின்னல், கையில் சட்டி மூடி.

“பெரியம்மா, பஸ்ஸுல ஏறுங்க.”

அழாமல் வருகிறதே என்ற நிம்மதியில் பெரியம்மா சிரித்துக்கொண்டு முதல் நாற்காலியில் உட்கார்ந்தார். பெட்டி மடியில். இரண்டாவதில் நான். மூன்றாவதில் எப்போதும் போல் பொம்மை. பஸ்காரர் லிப்டடியிலிருந்து வந்து ஏறி, டிட் வாங்கிக்கொண்டு, துணிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“எங்க போகணும் ஆன்டி?” என்றாள், பெரியம்மாவைப் பார்த்து.

“கிள்ளான்டா கண்ணு.”

“இந்த பஸ் கிள்ளான் போகாது.”

பெரியம்மாவின் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. “அப்ப கீழ கார்கிட்ட விட்டுடு. பெரியப்பா காத்துக்கிட்டிருக்காரு பாரு.”

பஸ் கிளம்பியது, வளைவில் திரும்பியது, நின்றது. “கார் வந்தாச்சு. சொல்லிட்டு எறங்குங்க.”

“என்ன சொல்லணும்?”

“போயிட்டு வரேன்னு சொல்லணும்.”

பெரியம்மாவுக்கு முகம் மாறிவிட்டது. உள்ளே படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. “இன்னிக்கு அதைச் சொல்லக்கூடாது பாப்பா. அம்மா படையல்ல? வேற ஏதாச்சும் சொல்றேன். பை பை சொல்றேன்.”

“பை பை சொன்னா கதவு தொறக்காது.”

கீழே ஹாரன் கேட்டது. தர்ஷினி அழவில்லை, அடம் பிடிக்கவில்லை. இரண்டு கையாலும் மூடியைப் பிடித்துக்கொண்டு நேராக முன்னால் பார்த்தாள், பஸ்ஸுக்கு முன்னால் நிஜமாகவே ரோடு இருப்பது மாதிரி. அவள் அப்பாவின் முகம் அப்படியே அவளுக்கு வந்திருந்தது. ஒன்றுமே இல்லாத முகம். அவளை அனுப்ப எனக்கு மனசில்லை. கொஞ்சமும் இல்லை. அது எனக்கு அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதுதான் தெரிந்தது, தெரிந்தபோது வலித்தது.

“தம்பி, நீயாச்சும் சொல்லேன் புள்ளைகிட்ட,” என்றார் பெரியம்மா. “நேரமாவுது.”

அவர் “சரி” என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அவர் கம்பியிலிருந்து கையை எடுத்தார்.

“டிரைவர், நான் எறங்கணும்.”

“எங்க அங்கிள்?”

“ஆஸ்பத்திரி.”

அவள் மூடியை ஒரு சுற்றுச் சுற்றி பிரேக் போட்டாள். “ஆஸ்பத்திரி வந்தாச்சு. சொல்லுங்க.”

வருஷம் முழுக்க அந்த இடத்தில் அவர் நின்றிருக்கிறார். அன்றைக்கும் நின்றார். பிறகு குனிந்து, அவள் முகத்துக்கு நேராக வந்து சொன்னார்.

“அப்பா போயிட்டு வரேன் பாப்பா.”

“ஐயோ தம்பி!” என்றார் பெரியம்மா.

தர்ஷினி அவரை ஒரு கணம் பார்த்தாள். “ஸ்ஸ்ஸ்” என்றாள். சத்தம் சரியாக வரவில்லை. அவர் இறங்கி, லிப்டைத் தாண்டி, மாடிப்படியில் இறங்கிப் போனார். செருப்புச் சத்தம் ஒவ்வொரு மாடியாகக் குறைந்துகொண்டே போய் நின்றுவிட்டது.

நாங்கள் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம். ஹாரனும் நின்றுவிட்டது. அவள் படிக்கட்டுப் பக்கம் திரும்பவே இல்லை. மூடியைப் பிடித்த விரல்கள் வெளுத்துப்போயிருந்தன. பெரியம்மா பெட்டியை அணைத்துக்கொண்டு எதையோ முணுமுணுத்தார், சாமி பெயராக இருக்கலாம். பஸ்காரர் அப்படியே வேலைக்குப் போய்விட்டிருந்தால் என்ன ஆகும் என்று எனக்குப் பயம் வந்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு எதற்கோ பயந்தேன்.

கொரிடோரின் மறுகோடியிலும் ஒரு படிக்கட்டு உண்டு. யாரும் அதிகம் புழங்காதது. அங்கேதான் முதலில் மூச்சு வாங்குகிற சத்தம் கேட்டது. பிறகு செருப்பு. பிறகு அவர். நீலச் சட்டை வேர்வையில் ஒட்டிக்கொண்டிருந்தது. அத்தனை நீள கொரிடோரையும் நடந்து வந்து, பஸ்ஸுக்குப் பக்கத்தில் நின்று, கையை நீட்டி நிறுத்தினார்.

தர்ஷினி கதவைத் திறந்தாள். அவர் கார்டை அவள் உள்ளங்கையில் வைத்தார். அவள் டிட் சொல்லவில்லை. அந்தக் கையை விடாமல் பிடித்துக்கொண்டாள்.

“வந்துட்டீங்க,” என்றாள்.

“வந்துட்டேன்.”

அவர் அப்படியே நின்றுகொண்டு பெரியம்மாவைப் பார்த்தார். மூச்சு இன்னும் வாங்கியது.

“அக்கா, பாப்பா இங்கயே இருக்கட்டும்.”

“தம்பி...”

“எனக்கு அவள விட்டுட்டு இருக்க முடியாதுக்கா.”

தனக்கென்று ஒன்றை அவர் கேட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. பஸ் புறப்படும் நேரம் சொல்கிற மாதிரிதான் சொன்னார். பெரியம்மா அவரைப் பார்த்தார், பிள்ளை பிடித்திருந்த கையைப் பார்த்தார், உள்ளே தங்கையின் படத்தைத் திரும்பிப் பார்த்தார். சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். பெட்டியை மெல்ல என் மடியில் வைத்துவிட்டு எழுந்தார். எழுந்தவர் அங்கேயே நின்றார்.

அந்த வார்த்தையைச் சொல்லாமல் பஸ் கதவு திறக்காது. டிரைவர் காத்துக்கொண்டிருந்தாள்.

எழவு வீட்டில் நான் வாய் தவறிச் சொன்னதற்கு என்னைப் பிடித்து உலுக்கிய மனுஷி. படத்துக்கு முன்னால் விளக்கு எரிகிற வேளை. அவர் கண்ணை மூடித் திறந்தார்.

“பெரியம்மா போயிட்டு வரேன் கண்ணு,” என்றார். கடைசி வார்த்தை உடைந்துவிட்டது.

“எப்ப?”

“அடுத்த ஞாயித்துக்கிழமை. நண்டு கொண்டுட்டு வரேன்.”

“ஸ்ஸ்ஸ்.”

அவர் இறங்கினார். பஸ்காரர் ஒதுங்கி வழிவிட்டார்.

“போயிட்டு வாங்கக்கா,” என்றார்.

பெரியம்மாவின் செருப்புச் சத்தம் படிகளில் தேய்ந்தது. பிறகு தர்ஷினி சட்டி மூடியை நிமிர்த்திப் பிடித்தாள். பொம்மையை எடுத்து என் மடியில் பெட்டியின் மேல் போட்டுவிட்டு, காலியான மூன்றாவது நாற்காலியைக் காட்டினாள்.

“உக்காருங்க அங்கிள். எங்க போகணும்?”

அவர் உட்கார்ந்தார். துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரி என்று சொல்ல வாய் திறந்தது, சொல்லவில்லை. நானும் அவளும் காத்திருந்தோம்.

“எங்கயும் இல்ல,” என்றார். “சும்மா ஓட்டு பாப்பா.”

“டிட்,” என்றாள் அவள்.